மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒரு கையெழுத்து

(குடிமக்கள் சேவைகள் குறித்த விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், அரசுக் கொள்முதல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் வீட்டில் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரை வாங்குறீங்க? கை தூக்குங்க பார்ப்போம். பாதிக்கு மேல் இருக்கீங்க. அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பீங்க. தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரை உங்களுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்த மருந்தாளுநரையும் தெரியும். ஆனால் அந்த மாத்திரையை எந்தக் கம்பெனியிடம், என்ன விலைக்கு, எவ்வளவு வாங்கலாம் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால், நமக்குத் தெரியாது.

அந்த ஆளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கொள்முதல் தலைவர். ஒரு நிறுவனத்தில் அவருக்குப் பொது மேலாளர் என்று பேர் இருக்கும், இன்னொன்றில் தலைமைக் கொள்முதல் அலுவலர் என்று இருக்கும். பேர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கொள்முதல் என்றதும் நம்ம ஊரில் முதலில் நெல் கொள்முதல் நிலையம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதைவிடப் பரந்தது. மருந்து, பள்ளி பெஞ்சு, பேருந்து டயர், தெருவிளக்கு என்று ஓர் அமைப்பு தன் வேலைக்காக வாங்கும் எல்லாமே கொள்முதல்தான்.

"இதில் என்ன பெரிய விஷயம்? டெண்டர் விடுவாங்க, யார் குறைச்சுக் கேட்கிறாங்களோ அவங்களுக்குக் கொடுப்பாங்க, அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். இந்த எண்ணம் மக்களிடம் மட்டுமல்ல, அலுவலகங்களிலும் இருக்கிறது. ஆனால் குறைந்த விலையைக் கண்டுபிடிப்பது அந்தத் தலைவருடைய வேலையில் கடைசிப் படி. அதைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். தேவைப்படுகிற நாளில், தேவைப்படுகிற தரத்தில், பொருள் மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படி ஏன் வாங்கினோம் என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல முடிய வேண்டும். அவர் சம்பளம் வாங்குவது இந்த இரண்டுக்கும்தான்.

நம் கண்முன் இருக்கும் உதாரணம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1995 தொடக்கத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் வேலையை அது செய்துவருகிறது. பின்னால் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் இதே மாதிரி கழகங்களை அமைத்துக்கொண்டன. எதைப் பார்த்து அவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கொள்முதல் தலைமை என்றால் என்ன என்பது அதிலேயே புரிந்துவிடும்.

முதல் கேள்வி, என்ன வாங்குவது? சந்தையில் ஒரே மருந்து ஆயிரம் பெயர்களில் கிடைக்கும். கழகம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் வாங்குகிறது. சர்க்கரை நோயாளிக்குத் தேவை மெட்ஃபார்மின். அட்டையில் இருக்கிற பளபளப்பான பெயர் தேவையில்லை. மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும்போது விலையும் தானாக இறங்குகிறது.

இரண்டாவது, எவ்வளவு வாங்குவது? நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். குறைவாக வாங்கினால் ஜூலை மாதம் மருந்து தீர்ந்துவிடும். அதிகமாக வாங்கினால் காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். இதற்காகவே மாவட்டங்களில் மருந்துக் கிடங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கிப் பாஸ்புக் மாதிரிதான். அந்த மருத்துவமனைக்கு எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்க உரிமை இருக்கிறது, எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்று தலைமையகத்துக்குத் தெரியும்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தன. பயனாளிக்கு அது நல்ல செய்தி. கொள்முதல் தலைவரின் மேஜையில் அதே செய்தி வேறு மாதிரி வந்து நிற்கும். இதுவரை மருத்துவமனைக்கு வராமல் இருந்தவர்களும் இனி மாத்திரை வாங்குவார்கள். போன வருடக் கணக்கைப் பார்த்து இந்த வருடம் வாங்கினால் பற்றாக்குறை வரும். ஆகவே எந்தத் திட்டம் தொடங்கினாலும் திட்டமிடும் கூட்டத்திலேயே கொள்முதல் தலைவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகு "இதை வாங்கிக் கொடுங்க" என்று ஒரு தாளை நீட்டினால், அவர் வெறும் குமாஸ்தாவாகிவிடுவார்.

மலிவும் விலையும்

மூன்றாவது கேள்வி, எப்படிப்பட்டதை வாங்குவது? இதற்கு ஒரு கணக்குப் போடுவோம். இது சும்மா உதாரணக் கணக்குதான். ஒரு பள்ளிக்கு பெஞ்சு வாங்க வேண்டும். ஒருவர் 4,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 5,000 ரூபாய். முதல் பெஞ்சு மூன்று வருடத்தில் ஆட ஆரம்பிக்கும், இரண்டாவது எட்டு வருடம் நிற்கும். வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள். முதலாவது ஏறக்குறைய 1,333 ரூபாய், இரண்டாவது 625 ரூபாய். எது மலிவு?

"அப்போ 5,000 ரூபாய்க்காரருக்கே கொடுத்துடலாமே" என்பீர்கள். அப்படி இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஒப்பந்தம் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதாக இருந்தாலும் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டுமே பேசலாம். "உங்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசினோம்" என்கிற கதையெல்லாம் நடக்காது.

அப்படியானால் தரத்தை எங்கே காப்பாற்றுவது? டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே காப்பாற்ற வேண்டும். பலகை எவ்வளவு கனம், என்ன மரம், இரும்புச் சட்டம் என்ன அளவு, எத்தனை வருட உத்தரவாதம், உடைந்தால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் விவரக்குறிப்பில் எழுதிவிட வேண்டும். அப்போது 4,000 ரூபாய் பெஞ்சு போட்டிக்குள்ளேயே வராது. விவரக்குறிப்பை ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி தைத்துவிடவும் கூடாது. அதுவும் ஏமாற்றுதான். ரொம்பத் தளர்வாக எழுதினால் மட்டமான பொருள் வந்து சேரும். ரொம்ப இறுக்கி எழுதினால் போட்டியே இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் கொள்முதல் தலைவரின் உண்மையான திறமை.

மருந்து டெண்டரில் இதற்காகவே இரண்டு உறை முறை இருக்கிறது. முதல் உறையில் தகுதி இருக்கும். உரிமம் இருக்கிறதா, தயாரிப்புத் தரச் சான்று இருக்கிறதா, இவ்வளவு பெரிய அளவில் தயாரித்துக் கொடுத்த அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். தேறாதவர் ஒரு ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாலும் அந்த உறை பிரிக்கப்படாது.

வாங்கியதோடு முடியவில்லை

பொருள் லாரியில் வந்து இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் நல்ல கொள்முதல் தலைவர் அல்ல. கிடங்குக்கு வருகிற மருந்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அனுப்பும்போது கம்பெனி பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் போடுகிறார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. முடிவு வரும்வரை அந்த மருந்து தனியாகத்தான் இருக்கும். தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். மீண்டும் மீண்டும் தவறினால் அந்த கம்பெனி கருப்புப் பட்டியலுக்குப் போகும்.

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? மனிதர்களை நம்பாததால் அல்ல. நல்லவர் உட்கார்ந்தாலும் சாதாரண மனிதர் உட்கார்ந்தாலும் வேலை ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதற்காக. டெண்டர் கேட்பவர் ஒருவர், ஆராயும் குழு வேறு, ஏற்றுக்கொண்டு ஒப்புதல் தரும் அதிகாரி வேறு என்று சட்டமும் பிரித்து வைத்திருப்பது அதனால்தான். தலைவர் தன் கையிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அது ஆபத்துக்கு முதல் அறிகுறி. தன் அதிகாரத்தைத் தானே பங்கு போட்டுக் கொடுப்பவர்தான் நல்ல தலைவர்.

அடுத்தது பணம். சப்ளை செய்தவருக்கு உரிய நேரத்தில் பணம் கொடுப்பதும் கொள்முதலின் பகுதிதான். "பில்லை அப்புறம் பார்க்கலாம்" என்று ஆறு மாதம் இழுத்தால் என்ன ஆகும்? அடுத்த டெண்டரில் அவர் அந்த வட்டியையும் விலையோடு சேர்த்துவிடுவார். அல்லது வரவே மாட்டார். நேர்மையான சின்ன வியாபாரி ஒதுங்கிக்கொள்வார், காத்திருக்க வசதி உள்ளவர் மட்டும் மிஞ்சுவார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதித்தால் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். இங்கே யாராவது சிறு தொழில் செய்பவர் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியது அரசு அலுவலகமாக இருந்தாலும் மத்திய அரசின் இணையதளத்தில் முறையிடலாம்.

அவசரம் வரும்போது

எல்லா விதியும் சாதாரண நாளில் சரிப்பட்டு வரும். வெள்ளம் வந்தால்? தொற்றுநோய் வந்தால்? 30 நாள் டெண்டர் அறிவித்துக் காத்திருக்க முடியாது. அதனால் இயற்கைப் பேரிடர், அவசரநிலைக் காலங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஒரு கொள்முதல் தலைவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த விலக்கை அவர் பயன்படுத்தும் விதத்தில் தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கொரோனா விரைவுப் பரிசோதனைக் கிட்டுகள் சீனாவிலிருந்து வந்தன. கிட் ஒன்று சுமார் 245 ரூபாய்க்கு இந்தியாவில் வந்து இறங்கியது, அரசுக்கு 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது என்பது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. அதுவும் இறக்குமதியாளருக்கும் விற்பனையாளர்களுக்கும் இடையில் சண்டை வந்து, அவர்கள் நீதிமன்றம் போனதால்தான் வந்தது! வரி உட்பட 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தக் கிட்டுகளின் முடிவுகளும் சரியில்லை என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். முன்பணம் கொடுக்கவில்லை, அதனால் அரசுக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை என்று மத்திய அரசுத் தரப்பில் விளக்கம் தந்தார்கள்.

இந்த ஒரு சம்பவத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. இந்தப் பொருள் எத்தனை கை மாறி வருகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஏறுகிறது என்று எவ்வளவு அவசரமானாலும் கேட்க வேண்டும். பணத்தை எப்போது கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற ஒரு வரி, பின்னால் கோடிக்கணக்கில் காப்பாற்றும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. வெள்ளம் ஓடும்போது அளக்கிற பழக்கம் விட்டுப்போகும். அப்போதும் அளக்கிறவர்தான் தலைவர்.

"முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும்

கொள்முதல் தலைவருக்குப் படிப்பு வேண்டும், சந்தை அறிவு வேண்டும், சட்டம் தெரிய வேண்டும். எல்லாம் சரி. ஆனால் நாள்தோறும் தேவைப்படுவது வேறு ஒன்று. மரியாதையாக, எழுத்தில், "முடியாது" என்று சொல்லும் துணிச்சல். பெரிய ஒரு டெண்டரைச் சின்னச் சின்னதாக உடைத்துவிட்டால் விதிக்குள் வராது என்று யாராவது யோசனை சொல்வார்கள். மார்ச் மாதம் முடியப் போகிறது, நிதி திரும்பிப் போய்விடும், எதையாவது வாங்கிவிடுவோம் என்பார்கள். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரும், பெட்டிக்குள் இனிப்பு மட்டும் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் "முடியாது" என்று சொல்லி, அதைக் கோப்பில் எழுதியும் வைப்பவர், அவருக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர்களுக்கும் ஒரு வழியைக் காட்டுகிறார்.

நியாயமான முடிவை எடுக்காமல் தள்ளிப்போடுவதும் தவறுதான். தணிக்கை வரும், கேள்வி வரும் என்று பயந்து கோப்பைத் தூங்கவிட்டால், மருந்துக் கவுண்டரில் நிற்கும் நோயாளிக்கு "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். அந்த நோயாளி வெளியே மருந்துக் கடையில் தன் காசில் வாங்குவார். காசு இல்லாவிட்டால் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். அந்த நட்டம் எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வராது.

உங்கள் கைபேசியில் என்ன செய்யலாம்?

இவ்வளவு நேரம் கேட்டதுக்கு ஒரு பலன் வேண்டாமா? உங்கள் எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: தமிழ்நாடு அரசின் மின் கொள்முதல் இணையதளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். டெண்டர் அறிவிப்புகளைப் பார்க்க எந்தக் கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. துறை வாரியாக, ஊர் வாரியாகத் தேடலாம். உங்கள் ஊரில் சாலை போடப் போகிறார்களா, பள்ளிக்கு என்ன வாங்கப் போகிறார்கள், கடைசி நாள் எப்போது என்பதெல்லாம் அங்கே இருக்கும். தளம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் ஒரு பாடம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அவசரக் காரணம் எதுவும் எழுதாமல் ஐந்தே நாள் கொடுத்திருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இரண்டு: டெண்டர் முடிவான பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். டெண்டர்களை ஆராயும் காலத்தில் அந்த விவரங்கள் ரகசியமாக இருப்பது சட்டப்படி சரி. முடிந்த பிறகு மறைக்கக் காரணம் குறைவு. கேட்கும்போது "ஊழல் நடந்ததா?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "எத்தனை பேர் விலை கொடுத்தார்கள், யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கப்பட்டது, பொருள் வந்த தேதி என்ன?" என்று கேளுங்கள். தேதியும் எண்ணும் கேட்டால் தேதியும் எண்ணும்தான் பதிலாக வர வேண்டும்.

மூன்று: அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்று சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள். மருந்தின் பெயர், மருத்துவமனையின் பெயர், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு 104 மருத்துவ உதவி எண்ணிலோ, 1100 முதலமைச்சர் உதவி மையத்திலோ சொல்லுங்கள். மருந்தாளுநரிடம் சண்டை போடாதீர்கள், வாங்குவது அவர் கையில் இல்லை. நீங்கள் தரும் தகவல் மேலே போய்ச் சேர்ந்தால், எந்த இடத்தில் தட்டுப்பாடு என்று வாங்குபவருக்குத் தெரியும்.

நான்கு: நீங்களே விற்பவராக வாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுவோ சிறு பட்டறையோ நடத்துகிறீர்கள் என்றால், அரசு வாங்குகிற பொருள்களில் உங்களால் தர முடிந்தது எதுவோ அதைத் தேடுங்கள். மத்திய அரசின் ஜெம் மின் சந்தை 2016-இல் தொடங்கியது. மத்தியத் துறைகளும் பொதுத் துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கையும் இருக்கிறது. போட்டிக்கு ஆள் கூடக் கூட விலை நியாயமாகும், தரம் உயரும். இரண்டே பேர் போட்டி போடும் டெண்டரில் இருவரும் முந்தின நாள் ஒரே டீக்கடையில் பேசி வைத்துக்கொள்ள முடியும். பத்துப் பேர் வந்தால் முடியாது.

நிறைவாக ஒன்று. உங்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில், குடியிருப்போர் சங்கத்தில், கோயில் திருவிழாக் குழுவில் இருக்கிறீர்கள். அங்கே நாற்காலியோ தண்ணீர்த் தொட்டியோ ஒலிபெருக்கியோ வாங்கும்போது நீங்களே கொள்முதல் தலைவர்தான். என்ன தேவை என்று முதலில் எழுதுங்கள். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். உங்கள் மச்சான் கடையும் அதில் இருந்தால், முடிவெடுக்கும் நேரத்தில் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள். வந்த பொருளைப் பிரித்துச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். எவ்வளவுக்கு, யாரிடம் வாங்கினோம் என்று வாட்ஸ்அப் குழுவில் ரசீதோடு போட்டுவிடுங்கள். இதை நம் தெருவில் செய்து பழகிவிட்டால், கிராம சபையில் கணக்கு வாசிக்கும்போது எந்த இடத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.